ஜெஸ்டர் கிங்: புளிப்பு பீரும் பீட்சாவும்

ஆஸ்டின் பக்கம் இருக்கிற நம்மாளுங்க யாராவது இன்னும் ஜெஸ்டர் கிங் ப்ரூவரி (பீர் தயாரிக்கிற இடம்) போகலன்னா ஒருதடவ கண்டிப்பா போயிட்டு வாங்க, ஊருக்கு மேற்கால டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில இருக்கு, 2010ல ஆரம்பிச்சது. ஓக் மரம், பெஞ்சு, ஒரு பக்கம் ஆடுங்க, குழந்தைங்க பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும், எந்த பந்தாவும் இல்லாத இடம்.

நான் குடிச்சது ராஸ்பெர்ரி போட்ட அட்ரியல் ரூபிசைட்ங்கிற புளிப்பு பீர். கிளாஸ மூக்குகிட்ட கொண்டு போறப்பவே பழ வாசன தூக்குது, ஒரு வாய் வச்சா தாடை ரெண்டும் கூசி கன்னம் உள்ள போகுது, அப்புறம்தான் ஓக் பீப்பாயோட மர வாசம் லேசா வருது. இனிப்பே இல்ல, பழத்து சர்க்கரைய ஈஸ்ட் தின்னு தீர்த்துடுது.

இவங்களோட ஸ்பான் பீர் இன்னும் விசேஷம். பெல்ஜியத்து லாம்பிக்ங்கிற பீர் செய்யுற முறைதான், குளிர்கால ராத்திரியில கொதிக்க வச்ச வோர்ட்ட, அதாவது தானியத்துலேருந்து எடுத்த இனிப்புத் தண்ணிய, அகலமான தட்டைத் தொட்டியில திறந்தே விட்டுடுவாங்க, காத்துல இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானா வந்து சேரும், நம்ம இட்லி மாவு தானா புளிக்கிற மாதிரிதான், அப்புறம் பீப்பாயில வருஷக்கணக்குல கிடந்து, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் மூணு வருஷம் ஊறினத கலந்து பாட்டில்ல அடைப்பாங்க. அந்தப் பொறுமைக்கே எவ்ளோ வேணா குடுக்கலாம்னு தோணுது எனக்கு.

பீரோட பீட்சா வாங்கினா சீஸ் நிறைய இருக்கட்டும், அந்தக் கொழுப்ப புளிப்பு அழகா வெட்டிடும். காரமா வாங்காதீங்க, பீர் ருசி அடிபட்டுடும். திரும்பி வர்றப்ப வண்டி ஓட்ட குடிக்காத ஆள் ஒருத்தர கூட்டிட்டுப் போங்க.