தங்கம் போட்டுச் சர்க்கரையைக் கெடுத்த கதை

நேற்று லேபில் ஒரு குடுவை குளுக்கோஸைக் கெடுத்துவிட்டேன். சோளமாவிலிருந்து எடுக்கும் சாதாரணக் குளுக்கோஸ்தான். கரித்தூளில் ஒட்டிய தங்க நுண்துகளை அதில் போட்டு, 50 டிகிரி சூட்டில் ஆக்சிஜன் குமிழ் விட்டால் குளுக்கோனிக் அமிலமாகும். மூலக்கூறின் ஒரு முனையில் இருக்கும் ஆல்டிஹைடு என்ற அணுக்கூட்டம் மட்டும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். (அந்தக் காலத்து முறைப்படி நைட்ரிக் அமிலம் ஊற்றினால் மறுமுனையும் மாறும், சங்கிலியும் உடையும், வேதியியலாளர் ஷீலே 1776-இல் சர்க்கரையிலிருந்து ஆக்சாலிக் அமிலம் எடுத்தது அப்படித்தான்.)

அமிலம் சேரச் சேர பிஎச் (அமில-கார அளவு) இறங்கும், அது 9-லேயே நிற்கச் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். 180 கிராம் குளுக்கோஸுக்கு 40 கிராம் காரம் என்பது கணக்கு, எவ்வளவு காரம் விட்டிருக்கிறது என்று பார்த்தாலே வினை எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் காரம் விடும் பம்ப் இஷ்டத்துக்கு ஊற்றிவிட்டது. வடிகட்டிப் பார்த்தால் காபி டிகாக்‌ஷன் நிறம், கருகின பாகு வாசனை.

தங்கம் என்றதும் அம்மா, "எத்தனை பவுன்டா போட்டே?" என்கிறார். ஒரு கிராம் பொடியில் 10 மில்லிகிராம்தான்மா!

சரி, ஆலைகளில் குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாக்கும் வேலையைப் பெரும்பாலும் கருப்புப் பூஞ்சைதான் செய்கிறது. அந்த அமிலத்தின் சோடியம் உப்பைக் கான்கிரீட்டில் கலந்தால் சீக்கிரம் இறுகாது. ரெடிமிக்ஸ் லாரி டிராஃபிக்கில் தாக்குப்பிடிப்பது இந்த மாதிரிச் சரக்கால்தான்.

இன்றைக்கு பம்ப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். டீ இங்கேயே வருகிறது.