எஃப்சி இருக்குன்னா என்ன இருக்கு?

“எஃப்சி 2028 வரைக்கும் இருக்கு சார், கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.” 15 வருஷம் தாண்டிய ஸ்பிளெண்டரோ பழைய புல்லட்டோ, எது விலைக்கு வந்தாலும் முதலில் காதில் விழுவது இதுதான்.

பைக்குக்கு எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிபிகேட்) என்பதே வாய்வழக்கு. சட்டப்படி தகுதிச் சான்று என்பது லாரி, ஆட்டோ மாதிரி வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கு. சொந்த பைக்குக்கு நடப்பது பதிவுப் புதுப்பிப்பு. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 41ஆவது பிரிவின்படி முதல் பதிவு 15 வருஷம் செல்லும், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமாக நீட்டித்துக்கொள்ளலாம். அதற்கு 25ஆம் எண் படிவம். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் வண்டியை நிறுத்தினால் சேசிஸ் நம்பர், லைட், ஹாரன், பிரேக், நம்பர் பிளேட், சைலன்சர் இவற்றைப் பார்ப்பார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா, டைமிங் செயின் தளர்ந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது அவர் வேலை இல்லை. போதாக்குறைக்கு, சத்தம் போடும் சைலன்சரைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் இரவல் சைலன்சரும் கண்ணாடியும் மாட்டிக் காட்டி, சாயங்காலமே திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

ஆகவே சீல் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், தேதிகளுக்கு நடுவே விழுந்த இடைவெளியைப் பாருங்கள். 12.06.2008இல் பதிவான வண்டி என்றால் 2023 ஜூனில் முதல் கெடு. புதுப்பித்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பைக்குக்குக் கட்டணம் முன்பு 300 ரூபாய், 2022 ஏப்ரலில் இருந்து 1,000. தாமதமானால் மத்திய விதிப்படி மாதம் 300 கூடுதல். ரசீதில் தாமதக் கட்டணம் 6,000 இருந்தால் கணக்கு எளிது: 20 மாதம் அந்த வண்டி பதிவில்லாமல் கிடந்திருக்கிறது, அல்லது பதிவில்லாமல் ஓடியிருக்கிறது. கிடந்த வண்டி என்றால் டேங்க் உள்ளே துரு, கார்புரேட்டர் ஜெட்டில் பிசின், விறைத்துப்போன ஃபோர்க் ஆயில் சீல் மூன்றுக்கும் சேர்த்து விலையைக் குறையுங்கள். ஓடிய வண்டி என்றால் அந்தக் காலத்து இன்சூரன்சையும் செலானையும் தோண்டிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 ஆகஸ்டில் விதி மாறி, 20 வருஷம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. அந்த ரசீதையும் கேளுங்கள். அடுத்த கெடு ஆறு மாதத்தில் வருகிறது என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, கெடு, இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஃபைனான்ஸ், எத்தனையாவது உரிமையாளர் என்பதெல்லாம் வரும். விற்பவர் “ரெண்டாவது ஓனர்” என்று சொல்லி அங்கே 4 என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கடன் அடைத்துப் பத்து வருஷம் ஆகியும் ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் நிற்பது சகஜம். அதை எடுக்க 35ஆம் எண் படிவமும் கடன் கொடுத்தவரின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) வேண்டும். அந்த ஃபைனான்ஸ் கடையே இப்போது இல்லை என்றால் அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும்.

பெரும்பாலோர் தூக்கிப் போட்டுவிடும் காகிதம் புகைச் சான்று. என்னைக் கேட்டால், பழைய வண்டி விஷயத்தில் ஆர்சியைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். பிஎஸ்4 என்ற மாசுத் தரத்துக்கு முந்தைய பைக்குக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சான்று, அதில் அளவுகள் எண்ணாக அச்சாகியிருக்கும். 2000 மார்ச்சுக்குப் பின் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4,500 பங்கு) வரை அனுமதி. மூன்று நான்கு சான்றுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மோனாக்சைடு ஏறிக்கொண்டே வந்தால் பெட்ரோல் கலவை அதிகம்: ஏர் ஃபில்டர் அடைப்பு, முழுசாகத் திறக்காத சோக், தேய்ந்த நீடில். இவை சில நூறு ரூபாயில் முடியும். மோனாக்சைடு நின்ற இடத்திலேயே நிற்க ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறினால், தீ சரியாகப் பிடிக்கவில்லை. பிளக்கில் தொடங்கி வால்வு கசிவு, ரிங் தேய்மானம் வரை போகலாம். அது இன்ஜினைப் பிரிக்கும் வேலை. நாலு சான்றிலும் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்கூட மாறாமல் ஒரே அளவு இருந்தால் வண்டி மெஷினிடமே போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டரை ஆர்சியில் தேடாதீர்கள், அதில் எழுதும் வழக்கமே இல்லை. சர்வீஸ் பில் இருந்தால் அதில் இருக்கும். மீட்டர் 32,000 காட்டி, பிரேக் பெடலும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், கேபிள் அறுந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

அடுத்து சேசிஸ் நம்பர். ஸ்பிளெண்டரில் ஹேண்டில் கழுத்தின் வலப்பக்கம் இருக்கும். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். பதிவு அலுவலகத்தில் கேட்கும் அதே பென்சில் பிரிண்ட்தான். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். எழுத்துக்குப் பின்னால் இணைகோடுகளாகக் கீறல் விழுந்தால் அந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்திருக்கிறார்கள். 17 எழுத்து நம்பர் என்றால் பத்தாவது எழுத்து பெரும்பாலும் வருஷத்தைச் சொல்லும்: 8 என்றால் 2008, 9 என்றால் 2009, ஏ என்றால் 2010. இன்ஜின் நம்பருக்கும், இடப்பக்கம் கிராங்க் கேசின் அடியில், இதே வேலையைச் செய்யுங்கள். வேறு வண்டியின் இன்ஜினை மாற்றி ஏற்றி, ஆர்சியில் பதியாமல் விட்ட ஸ்பிளெண்டர்கள் ஊரில் நிறைய. அடுத்த புதுப்பிப்பில் மாட்டப்போவது அப்போது கையில் வைத்திருப்பவர்தான்.

வண்டியைக் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள்; நேராக வரும் இடத்தில் ‘டக்’ என்று உட்கார்ந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்து பேரிங், போய்விட்டது. அது புதுப்பிப்பு முடிந்த வண்டியிலும் இருக்கும்.

எல்லாம் சரி என்றால் பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்கள். தேதி போடாமல் பழைய உரிமையாளரின் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருக்கும் புரோக்கரிடம் வாங்கினால் நடுவில் யார் ஓட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆர்சியில் உள்ளவரிடம் ஒரு போன் பேசிவிட்டே பணம் கொடுங்கள். வாங்கிய 30 நாளில் பெயர் மாற்ற விண்ணப்பம், இன்சூரன்ஸ் மாற்ற 14 நாள். புதுச்சேரி நம்பர் என்றால் என்ஓசி, தமிழ்நாட்டு வரி, புது நம்பர் என்று வேலை மூன்று மடங்கு. என்ஓசியை விற்பவர் கையில் எடுத்துக்கொண்டு வந்த பிறகு விலை பேசுங்கள்.