மில்லுக்கு வேண்டிய ஈரம், செல்லுக்கு ஆகாத ஈரம்

ஸ்பின்னிங் மில்லில் ஈரப்பதம் இறங்கினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதற்கென்றே ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் ஓடும். கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே ஊரில் பெரோவ்ஸ்கைட் சோலார் செல், அதாவது ஈய அயோடைடு வகைப் படிகத்தை மெல்லிய ஃபிலிமாகப் பூசிச் செய்யும் செல், செய்ய உட்கார்ந்தால் கணக்கு தலைகீழ். திறந்த மேஜையில் 30 சதவீதத்தைத் தாண்டினாலே ஃபிலிம் முரண்டு பிடிக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு நுழையும்; மாசி மதியம் வறண்டு கிடக்கும். மாசியில் நன்றாக வந்த ரெசிபி ஆடியில் வெளுத்துப்போனால், கெமிக்கலைத் திட்டும் முன் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரைப் பார்க்க வேண்டும். ஈரப்பதமும் அறை வெப்பமும் எழுதாத பேட்ச், லாட் நம்பர் இல்லாத பனியன் துணி மாதிரி. ஷேடு மாறினால் காரணம் தேட வழியில்லை.

2009-ல் ஜப்பானிய விஞ்ஞானி மியாசகாவின் குழு, வெளிச்சத்தை மின்சாரமாக்கும் திறன் 3.8 சதவீதம் என்று தொடங்கியது. இன்று சிறு செல்கள் 26-ஐத் தாண்டிவிட்டன. ஆயுள் அந்த வேகத்தில் ஓடவில்லை. ஆனாலும் இரண்டையும் தனித்தனி வேலையாகப் பார்ப்பது தப்பு. படிகத்தில் மின்னூட்டம் வீணாகும் அதே குறைபாட்டு இடங்கள் வழியாகத்தான் அயோடைடு நகர்கிறது, தண்ணீர் நுழைகிறது. அவற்றை அடைத்தால் வோல்டேஜும் ஏறும், ஆயுளும் கூடும்.

பழகுவதற்கு மூன்று கேட்டயான் (நேர் அயனி) கலவை நல்லது; ஃபார்மமிடினியம், மெத்தில் அம்மோனியம், சீசியம் என்பவைதான் அந்த மூன்று. ஒரு மில்லி கரைசலுக்கு லெட் (ஈய) அயோடைடு 507 மி.கி., ஃபார்மமிடினியம் அயோடைடு 172, லெட் புரோமைடு 73, மெத்தில் அம்மோனியம் புரோமைடு 22. கரைப்பான் டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு) நான்கு பங்கு, டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) ஒரு பங்கு. 1.5 மோலார் சீசியம் அயோடைடை டிஎம்எஸ்ஓ-வில் தனியாகக் கரைத்து 5 சதவீத அளவுக்குச் சேர்க்க வேண்டும். வடிகட்டாமல் விட்டால் ஒவ்வொரு துகளுக்குப் பின்னாலும் வால்நட்சத்திரம் மாதிரி ஒரு கோடு விழும்.

கரைசலைச் சுழற்றிப் பரப்பும் ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 1000 சுற்றில் 10 விநாடி, 6000-ல் 20 விநாடி. முடிய 5 விநாடி இருக்கும்போது, படிகத்தை முளைக்கவைக்கும் குளோரோபென்சீன் 100 மைக்ரோலிட்டர், ஒரே வீச்சில், நடுவில். எல்லாம் இந்தச் சொட்டில்தான் இருக்கிறது. முந்தினால் கரைப்பான் மிச்சமிருந்து படிகம் ஒழுங்காக முளைக்காது. பிந்தினால் ஃபிலிம் தானாகவே முளைத்துப் பால் படிந்ததுபோல மங்கிவிடும். ஏசி இல்லாத சித்திரை மதியத்தில் கரைப்பான் சீக்கிரம் பறக்கும், சொட்டையும் முந்த வேண்டும். பிறகு 100 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம். கண்ணாடி போலப் பளபளத்தால் மேலே போகலாம். ஓரத்தில் மஞ்சள் தெரிந்தால் அதில் மேல் அடுக்கு போடுவது வெட்டி வேலை.

ஆயுள்தான் குறி என்றால் மெத்தில் அம்மோனியத்தை விட்டுவிடலாம். 85 டிகிரிச் சோதனையில் முதலில் கழன்று ஆவியாவது அதுதான். ஃபார்மமிடினியமும் சீசியமும் போதும். புரோமைடை ஏற்றிக்கொண்டே போனால் வெயிலில் அயோடைடும் புரோமைடும் பிரிந்து வோல்டேஜ் சரியும். மேற்பரப்புக் குறைபாடுகளை அடைக்க ஃபெனெத்தில் அம்மோனியம் அயோடைடு பூசுகிறவர்கள் மில்லிக்கு ஒரு மி.கி. அளவில் தொடங்கட்டும். தடித்தால் அதுவே மின்தடையாகி ஃபில் ஃபேக்டரை (வோல்டேஜ், கரன்ட் இரண்டின் உச்சத்தில் எவ்வளவு பவராகக் கைக்கு வருகிறது என்ற விகிதத்தை) தின்னும். கசியும் அயோடின் வெள்ளி மின்முனையைச் சில்வர் அயோடைடாக்கும். இடையில் நெருக்கமான தடுப்பு அடுக்கு வேண்டும். மூடுவதற்கு ஈவிஏ (சோலார் பேனலில் வழக்கமாகப் போடும் பிளாஸ்டிக் ஷீட்) வேண்டாம், சூட்டிலும் ஈரத்திலும் அசிட்டிக் அமிலம் விடும். பாலிஓலிஃபின் ஷீட், ஓரத்துக்கு பியூட்டைல் ரப்பர், இருபுறமும் கண்ணாடி.

அளவீட்டில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது சுலபம். வெளிச்சம் படும் பரப்பை வரையறுக்கும் மாஸ்க் இல்லாமல் எடுத்த கரன்ட், வோல்டேஜை ஏற்றியோ இறக்கியோ ஒரு திசை ஸ்கேனில் மட்டும் வந்த திறன் இரண்டையும் நம்பக் கூடாது. உச்ச மின்திறன் புள்ளியில் ஐந்து நிமிடம் நிறுத்தி, அங்கே நிற்கும் எண்ணை எழுதுங்கள்.

இன்னொன்று, ஈயம். டிஎம்எஃப் நைட்ரைல் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவும், ஈயமும் கூட வரும். மேலே பட்டதும் கழற்றி மாற்ற வேண்டும். சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்று பார்த்த ஊரில் கழுவுநீரைச் சிங்க்கில் விட யாருக்கும் கை வரக் கூடாது. ஸ்பின் கோட்டர் கிண்ணத்தைத் துடைத்த டிஷ்யூ கூடப் பெயரெழுதிய மூடி டப்பாவுக்குத்தான்.