பெல்ட்டை மாற்றச் சொன்னார்கள், அழுக்கை எடுத்ததே போதுமாக இருந்தது

ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட் கழற்றியதும் உள்ளே சுருளாமல் தொங்கிக் கதவிடுக்கில் சிக்கிக்கொண்டே இருந்தது. பெல்ட் அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பதைவிட, தளர்ந்து கிடக்கும் பெல்ட் மோதலின்போது உடலை உரிய நேரத்தில் பிடித்து நிறுத்தாது என்பதே என் கவலை. சர்வீஸ் சென்டரில் இருந்தவரோ பெல்ட்டை ஒரு முறை இழுத்துக்கூடப் பார்க்காமல், முழுவதையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதி நீட்டினார். சுத்தம் செய்து பார்க்கலாமே என்றதற்கு, "அதெல்லாம் இங்கே செய்வதில்லை, சார்" என்றார். அதற்கு முன்பு ஒரு மெக்கானிக் அடித்துவிட்ட எண்ணெயில் தூசி ஒட்டி, நிலைமை ஏற்கெனவே மோசமாகியிருந்தது.

ஆகவே வீட்டிலேயே செய்தேன். தோளுக்கு மேலே, பெல்ட் நுழைந்து வரும் வளையத்தின் உள்விளிம்பில் வியர்வையும் தூசியும் எண்ணெயும் மெழுகு போலப் படிந்திருந்தன. பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, உள்ளே ஓடிவிடாதபடி துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் வளையத்தைத் துடைத்தேன். நாடாவுக்கு மிதமான சோப்பு நீர் மட்டுமே ஏற்றது. பிளீச் பட்டால் இழைகள் வலுவிழக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு விட்டதும், பெல்ட் தங்குதடையின்றிச் சுருண்டது.

கதவை ஒட்டிய தூணுக்குள், பெல்ட் சுருண்டுகொள்ளும் சுருள் பெட்டியைத் திறக்கவே கூடாது. அதில் முறுக்கிய ஸ்பிரிங் இருக்கிறது. பல கார்களில், மோதலின்போது பெல்ட்டை நொடியில் இழுத்து இறுக்கும், வெடிமருந்தால் இயங்கும் முன்னிறுக்கியும் இருக்கிறது. தூணிலிருந்து கழற்றிய பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் பெல்ட் பூட்டிக்கொள்வது பழுதன்று, சாய்வை உணரும் பகுதி தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

பெல்ட்டின் கீழ்முனை முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க இருக்கையின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோதுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாக நெம்பியும், மூடியைப் பிடித்திருந்த, வெயிலில் வறண்ட கிளிப் ஒன்று முறிந்தது. இருக்கைக்கு அடியில் தெரியும் மஞ்சள் நிற இணைப்பிகள் ஏர்பேக்குக்கும் முன்னிறுக்கிக்கும் உரியவை என்பதால் அவற்றை நான் தொடவில்லை; தொட வேண்டியவர்கள் பேட்டரியின் எதிர்மின் (−) முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும்.

கிளிப்பைத் தனியாகத் தர மாட்டோம், மூடியையே வாங்குங்கள் என்றார்கள் உதிரிபாகக் கடையில். முறிந்த துண்டைக் கையோடு எடுத்துப் போயிருந்ததால், சீட் கவர் தைக்கும் கடைக்காரர் அதைப் பார்த்தவுடனே டப்பாவிலிருந்து அதே அளவுக் கிளிப்பை எடுத்துக் கொடுத்தார். பயணி பக்கத்து மூடியையும் கழற்ற வேண்டியிருப்பதால், இன்னும் சிலவற்றைச் சேர்த்தே வாங்கிக்கொண்டேன்.