குரூப் 4 கணக்கில் என் காலை வாரிய மைனஸும் புள்ளியும்

முதல் தடவை டி.என்.பி.எஸ்.சி நடத்தும் குரூப் 4 அரசுப் பணித் தேர்வுக்குப் படித்தபோது கூட்டுவட்டியும் காலம்–வேலையும்தான் கவிழ்க்கும் என்று நினைத்து, மூன்று மாதம் அவற்றையே போட்டுப் பார்த்தேன். விடைக்குறிப்பு வந்ததும் சரிபார்த்தால் கணக்குப் பகுதியில் 25-க்கு 14. கூட்டுவட்டி சரி, வேலைக் கணக்கும் சரி. தவறிய பதினொன்றில் ஏழு, ஆறாம் ஏழாம் வகுப்புச் சமாச்சாரம்: குறி, பின்னம், தசமப் புள்ளி. கேள்விக்கு ஒன்றரை வீதம் பத்தரை மதிப்பெண் போயிற்று. அது எத்தனை இடம் பின்னால் தள்ளும் என்று குரூப் 4 எழுதியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தேன். நூலகத்தில் பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிடுவாரோ என்று கொஞ்சம் வெட்கம்தான்.

முதல் தவறு அங்கேயே கிடைத்தது. (−5)² என்றால் 25. அடைப்புக்குறி இல்லாமல் −5² என்றால் −25, ஏனென்றால் அடுக்கு 5-ஐ மட்டும்தான் பிடிக்கிறது. 'சுருக்குக' கணக்குகளில் இந்த ஓர் இடத்தில்தான் நான் திரும்பத் திரும்ப விழுந்தேன். −3, −7 இரண்டில் எது பெரியது என்று நேராகக் கேட்டால் யாரும் தடுமாறமாட்டோம். ஐந்தாறு எண்களை ஏறுவரிசையில் எழுதச் சொன்னால் மட்டும் கை −3-ஐ முதலில் எழுதிவிடும். பூச்சியம் இரட்டை எண், ஆனால் மிகையும் இல்லை குறையும் இல்லை. 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. இவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்தால் போதும்.

பரிமாற்று, சேர்ப்பு, பங்கீடு என்று பண்புகளின் பெயரை உருப்போட்டு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 47 × 98 + 47 × 2 என்பதைப் பார்த்ததும் 47 × 100 என்று தோன்றினால், பங்கீட்டுப் பண்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பின்னத்தில் நேரம்தான் பிரச்சினை. 5/7, 7/9, 9/11 இவற்றில் பெரியது எது? நான் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) 693 கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் 2/7, 2/9, 2/11. குறைவாகக் குறைவது 9/11, அதுதான் பெரியது. பத்து வினாடி வேலை.

தசமத்தில் 0.3 × 0.3-க்கு 0.9 என்று குறித்துவிட்டு வந்தவன் நான். விடை 0.09. ஒன்றுக்கும் குறைவான இரண்டு மிகை எண்களைப் பெருக்கினால் இரண்டையும்விடச் சிறியதுதான் வரும். அரையில் அரை கால் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. இந்தச் சந்தேகம் வந்தாலே போதும், பாதித் தவறுகள் மாட்டிக்கொள்ளும்.

புள்ளிக்குப் பின் ஓரிடத்தில் நின்றுவிடும் முடிவுறு தசமமா, இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும் சுழல் தசமமா என்ற கேள்விக்கு வகுத்துப் பார்க்கவே வேண்டாம். பின்னத்தை முதலில் சுருக்கிவிட்டு, பகுதியில், அதாவது கீழே இருக்கும் எண்ணில், 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 7/40-இல் இல்லை, எனவே 0.175 என்று முடிகிறது. 1/12-இல் 3 இருக்கிறது, முடியாது. சுருக்காமல் விட்டால் 6/15 ஏமாற்றும். அது 2/5, அதாவது 0.4.

இதைப் படித்தபோதுதான் தாத்தா சொல்லும் பழைய அளவுகள் நினைவுக்கு வந்தன. அரைக்கால் 1/8, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எல்லாப் பகுதிகளிலும் 2-உம் 5-உம் மட்டுமே, ஆக எல்லாமே முடிவுறு தசமங்கள். மாவையும் காணியையும் கூட்டினால் 4/80 + 1/80, அதாவது 1/16. அதற்குப் பெயரே மாகாணிதான்! மீ.சி.ம எடுத்துப் பின்னம் கூட்டுவதை அன்றைக்குப் பிறகு நான் மறக்கவில்லை.

தினமும் இருபது நிமிடம், கடிகாரம் வைத்து, இந்த அடிப்படைகளில் மட்டும் முப்பது கணக்கு. இரண்டு மாதம் இப்படி ஓடியது. அடுத்த தேர்வில் 25-க்கு 22. விட்ட மூன்றில் ஒன்று, மறுபடியும் அதே அடைப்புக்குறி.