முதலில் எங்கே வந்தது?

செய்தி நிறுவனம் ஒன்றின் தகவல் சரிபார்ப்புப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வாசகர்கள் அனுப்பும் படங்கள், காணொளிகள், ஸ்கிரீன்ஷாட்டுகள், பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்ட எச்சரிக்கைகள் ஆகியவற்றை ஆராய்வதே எங்கள் வேலை. அனுப்புகிற எல்லோரும் கேட்பது "இது உண்மையா, புரளியா?" என்றுதான். அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு தகவலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் எதுவும் தெளிவாவதில்லை. அது முதன்முதலில் எங்கே, எப்போது, யாரால், எதைக் குறித்துச் சொல்லப்பட்டது என்று தேடத் தொடங்கினால்தான் பிடி கிடைக்கிறது. புதிதாகச் சேரும் இளையவர்களிடம் நான் முதலில் வற்புறுத்துவது இதைத்தான்.

செவ்வாய்க் கோள் முழுநிலவின் அளவுக்குப் பெரிதாகத் தெரியப்போகிறது என்று ஆகஸ்ட் மாதங்களில் சுற்றிவரும் செய்தியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். இதன் வேர் பொய்யானதன்று. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்குச் சுமார் 5.58 கோடி கிலோமீட்டர் தொலைவு வரை வந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அவ்வளவு நெருக்கம் நேர்ந்ததில்லை. அப்போது பரவிய மின்னஞ்சலில், 75 மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி வழியே பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழுநிலவு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகச் செவ்வாய் தெரியும் என்னும் பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் அது சரியாகவே வருகிறது. ஆனால் கைமாறிக் கைமாறிப் போனதில் தொலைநோக்கியைப் பற்றிய பகுதியும் ஆண்டைப் பற்றிய குறிப்பும் உதிர்ந்துபோய், வெறுங்கண்ணும் முழுநிலவும் மட்டும் எஞ்சின. யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லாமலேயே ஒரு புரளி பிறந்துவிட்டது. செவ்வாயின் விட்டம் நிலவின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், அது நிலவின் அளவில் தெரிய வேண்டுமானால் நிலவைப்போல் இரு மடங்கு தொலைவில், அதாவது சுமார் ஏழரை லட்சம் கிலோமீட்டரில், வந்து நின்றாக வேண்டும். இந்த எளிய கணக்கு செய்தியைத் தள்ளிவிடப் போதுமானது; ஆயினும் செய்தி எப்படி உருவானது என்பதை அது சொல்லாது. உருவான கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் வாசகர் அடுத்த ஆகஸ்டிலும் அதை நினைவில் வைத்திருப்பார் என்பது என் நம்பிக்கை.

ஓர் இணையப்பக்கத்தை எடைபோடும்போது அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்று அறிஞர்களும் மாணவர்களும் பக்கத்தின் தோற்றத்தையும் முத்திரையையும் பார்த்து ஏமாந்த இடங்களில், தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் உடனே அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, அதை நடத்துவது யார் என்று பிற தளங்களில் தேடி விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள் என்பது தெரியவந்தது. எங்கள் அன்றாட வேலையும் அப்படித்தான் நடக்கிறது.

சந்தேகப்படப் பழகியவர்களுக்கு இதற்கு எதிரான ஆபத்தும் உண்டு. அதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை என்று கருதுகிறேன். 2021 ஜூலை 2 அன்று மெக்சிகோ வளைகுடாவில் கடல்நீரின் நடுவே வட்டமாக நெருப்புக் கொழுந்துவிட்டு எரியும் காணொளி உலகெங்கும் பரவியது. திரைப்படத்துக்காகக் கணினியில் செய்த காட்சிபோலவே அது தோன்றியது. ஆனால் அது முழு உண்மை. கடலடிக் குழாயிலிருந்து எரிவாயு கசிந்து தீப்பற்றியதை மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ் ஒப்புக்கொண்டது. நம்ப முடியாதபடி இருக்கிறது என்பதை மட்டும் காரணமாகக் காட்டிப் போலி என முத்திரை குத்தியிருந்தால், உண்மையான ஒரு விபத்தை நாமே மறைத்தவர்களாகியிருப்போம். மெய்யைப் பொய்யென்று சொல்வது, பொய்யைப் பரப்புவதற்குச் சற்றும் குறையாத தீங்கு.

மூலத்தைக் கண்டுபிடித்தபிறகும் வேலை முடிந்துவிடுவதில்லை. 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் உண்மையான ட்விட்டர் கணக்கிலிருந்தே, வெள்ளை மாளிகையில் இரண்டு வெடிப்புகள் நிகழ்ந்து அதிபர் ஒபாமா காயமடைந்தார் என்று ஒரு பதிவு வந்தது. கணக்கு ஊடுருவப்பட்டிருந்தது. பங்குச்சந்தை சில நிமிடங்கள் சரிந்து மீண்டது. எப்போதும் செய்தியாளர்கள் நிறைந்திருக்கும் ஓரிடத்தில் வெடிப்பு நிகழ்ந்திருந்தால், வேறு ஒருவர்கூட அதைக் கேட்காமலும் பார்க்காமலும் இருந்திருக்க முடியுமா என்பதே அந்த நிமிடங்களில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2023 மே 22 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிப்பு நிகழ்ந்ததாகப் பரவிய படத்துக்கும் அதே கேள்வி பொருந்தியது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டதாகத் தோன்றிய அந்தப் படத்தில் கட்டடமும் வேலியும் விந்தையாகக் கலந்திருப்பதைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். இத்தகைய பிழைகளைத் தேடும் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கருவிகள் மேம்பட மேம்பட அவை குறைந்துகொண்டே வருகின்றன. அவ்வளவு நடமாட்டமுள்ள இடத்தில் வேறு கோணத்தில் எடுத்த படம் ஒன்றுகூட வரவில்லை என்பதும், அப்பகுதித் தீயணைப்புத் துறை அதை உடனே மறுத்ததும்தான் என்னைப் பொறுத்தவரை உறுதியான சான்றுகள்.

இவ்வளவு செய்தும் முடிவுக்கு வராத தகவல்கள் எங்கள் மேசையில் எப்போதும் இருக்கின்றன. ஆசிரியர் குழு விரைவான விடையைக் கேட்கும். வாசகரும் ஆம் அல்லது இல்லை என்பதையே எதிர்பார்ப்பார். அத்தகைய நேரங்களில் "உறுதிப்படுத்த இயலவில்லை" என்று எழுதும் உரிமைக்காக நான் பிடிவாதமாகவே வாதாடி வந்திருக்கிறேன். அந்தச் சொற்களோடு நிறுத்திவிடாமல், எதைத் தேடினோம், யாரிடம் கேட்டோம், எந்தச் சான்று இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் குறிப்பில் சேர்க்கிறோம். பின்னர் சான்று கிடைக்கும்போது பழைய குறிப்பை நீக்காமல், அதன் கீழேயே தேதியிட்டுப் புதிய முடிவை எழுதுகிறோம்.