இலையில் வாழும் இளஞ்சிவப்பு

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த எங்கள் தோட்டத்து நிலக்கடலை இலை ஒன்றை மெத்தனால் கலந்த அகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) தட்டின் மேல் மெல்ல அழுத்தி எடுத்தேன். ஐந்தாம் நாள் இலையின் வடிவம் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக எழுந்து நின்றது. இவை மெத்திலோபாக்டீரியம் என்ற பாக்டீரியா பேரினத்தைச் சேர்ந்தவை. பயிர் வறட்சியைத் தாங்க நம் உழவர்கள் இலைமேல் தெளிக்கும் பிபிஎஃப்எம் திரவத்தில் இருப்பவையும் இவையே.

இலை வளரும்போது செல்சுவரின் பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து கசியும் மெத்தனாலை, இந்தப் பாக்டீரியாவின் உட்சவ்வுக்கு வெளியே இருக்கும் மெத்தனால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அப்போது வெளிப்படும் இரண்டு எலக்ட்ரான்களை, கால்சியத்தோடு அமர்ந்திருக்கும் பிகியூகியூ என்ற துணைக்காரணி வாங்கி, ஒவ்வொன்றாகச் சைட்டோகுரோம் சிஎல் புரதத்திடம் ஒப்படைக்க, அது சிஎச் புரதத்திடம் சேர்க்க, இறுதியில் ஆக்சிடேஸ் என்ற நொதி வழியாக அவை ஆக்சிஜனை அடைகின்றன. எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆற்றல் பெறும் சுவாசச் சங்கிலியின் முற்பகுதியைத் தொடாமல் கடைசிப் படியில் நுழைவதால் இந்த எலக்ட்ரான்களிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சொற்பமே. அந்தச் சொற்பத்தையும் விடாமல் பிடித்து வாழும் திறமே என்னை வியக்க வைக்கிறது.

கால்சியத்துக்குப் பதிலாக லாந்தனம், சீரியம் போன்ற அருமண் தனிமங்களைக் கொண்டு இயங்கும் எக்ஸ்ஓஎக்ஸ்எஃப் என்ற மெத்தனால் டிஹைட்ரஜனேஸ் வகையும் இவற்றிடம் உண்டு. கொல்லத்தை அடுத்த சவரா கடற்கரையின் மோனசைட் மணலில் இருப்பதும் அதே சீரியம்தான்.